மார்கழியில் மாத்திரையால் மினுமினுப்பது எப்படி?

மார்கழி பிறந்துவிட்டது. ஊட்டிப் பக்கம் உறைபனி விழுந்து புல்வெளிகள் வெளுத்துக் கிடக்கின்றன. சென்னையில் பாதரசம் 22 டிகிரிக்கு இறங்கியதுமே வாக்கிங் போகிற பெரியவர்கள் குரங்குக் குல்லாவுக்குள் புகுந்துகொண்டார்கள். சபாவில் கச்சேரி, கேன்டீனில் கீரை வடை, வாசலில் பூசணிப்பூ என்று சீசன் களைகட்டியிருக்கும் நேரத்தில், நம் கைகாலில் மட்டும் ஒரு சொரசொரப்பு.

அந்தக் காலத்து ஆட்களாக இருந்தால் எண்ணெயை எடுத்துத் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். நாம் அப்படியா? தோலுக்கு வெளியே பூசுவது பழைய ஸ்டைல். உள்ளே விழுங்கி வெளியே மினுங்குவதுதான் இப்போது நாகரிகம். பொடி, மாத்திரை, கேப்ஸ்யூல், தண்ணீரில் போட்டால் புசுபுசுவென்று பொங்கும் வில்லை, கரடி வடிவில் கடித்துத் தின்னும் ஜெல்லி என்று சந்தையில் எல்லாம் தயார். வாங்கத் தெரியாமல் விழிப்பவர்களுக்காக இந்தக் கையேடு. படிப்படியாகப் பின்பற்றுங்கள். பர்ஸ் இளைப்பதற்கு உத்தரவாதம் உண்டு.

படி 1: காரணத்தை ஆராயாதீர்கள்

முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் இருக்கும் தோலை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு விழும். கோட்டின் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகச் செதில் தூக்கிக்கொண்டு நிற்கும். தேவைப்பட்டால் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். நீங்கள் தகுதி பெற்றுவிட்டீர்கள்.

இந்த இடத்தில் சிலர் ‘ஏன் இப்படி ஆயிற்று?’ என்று யோசிக்கத் தொடங்குவார்கள். அது ஆபத்து. யோசித்தால் உண்மை தெரிந்துவிடும். தோலின் ஆக மேலடுக்கு, முகத்தையும் கைகாலையும் பொறுத்தவரை, 10 முதல் 20 மைக்ரான் கனம்தான். தலைமுடியை விட மெல்லியது. இறந்த செல்களின் அடுக்கு அது. செல்களுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் பூசியிருக்கும். அந்தப் பூச்சு நன்றாக இருந்தால் உடம்பின் ஈரம் உள்ளேயே நிற்கும். குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு. அதனால் தோலில் இருக்கும் தண்ணீர் வேகமாக வெளியேறுகிறது. போதாததற்கு, ‘ஆஹா, சுகமா இருக்கே’ என்று ஆவி பறக்கும் வெந்நீரில் அரை மணி நேரம் நின்று சோப்பையும் அழுத்தித் தேய்த்தால், மிச்சம் இருக்கும் கொழுப்பும் சாக்கடையோடு போய்விடும்.

அதிலும் சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் மார்கழியிலும் காற்றில் ஈரப்பதத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே குற்றவாளி பெரும்பாலும் குளியலறை கீசரும், குளிர்காலத்திலும் 20 டிகிரியில் ஓடும் ஆபீஸ் ஏசியும்தான். வயதானால் தோலில் எண்ணெய் சுரப்பது குறைவதும் ஒரு காரணம். இதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டால் கீசரின் சூட்டைக் குறைக்க வேண்டிவரும். அதற்குச் செலவே கிடையாது. செலவில்லாத வைத்தியத்தில் யாருக்கு நம்பிக்கை வரும்?

படி 2: நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போங்கள்

தோல் மருத்துவரிடம் போனால் வேண்டாத கேள்வியெல்லாம் கேட்பார். தைராய்டு பார்த்தீர்களா, சர்க்கரை எவ்வளவு, பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று குடைவார். தைராய்டு சுரப்பு குறைந்தால் தோல் வறளும், குளிரும் தாங்காது என்பார். மார்கழியைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நமக்கு இது அவமானம். மெடிக்கல் ஷாப்பில் இந்தத் தொந்தரவு இல்லை.

“தம்பி, ஸ்கின்னுக்கு நல்லதா ஒண்ணு குடுப்பா.”

“எந்த ரேஞ்ச்ல சார் பாக்குறீங்க?”

“என்ன பிரச்சினைன்னு கேக்க மாட்டியா?”

“எல்லாத்துக்கும் இதேதான் சார். ஸ்கின், ஹேர், நெயில் மூணும் ஒரே டப்பாவுல வந்துடுது. போன மாசம் வாங்கினவங்க திரும்ப வந்து வாங்குறாங்க.”

திரும்ப வந்து வாங்குகிறார்கள் என்றால் இன்னும் சரியாகவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். நீங்கள் அப்படிக் கொள்ள வேண்டாம்.

படி 3: கொலாஜனில் தொடங்குங்கள்

டப்பா கனமாக இருக்க வேண்டும். உள்ளே பாதிக்கு மேல் காற்று இருந்தாலும் பரவாயில்லை. மூடியில் ரோஜா நிறமும் ஜப்பானிய மலரும் இருந்தால் விசேஷம்.

கொலாஜன் நம் உடம்பிலேயே அதிகமாக இருக்கும் புரதம். அதைப் பொடியாக விழுங்கினால் நேராகக் கன்னத்தில் போய் உட்காரும் என்பது கம்பெனிகளின் நம்பிக்கை. வயிற்றுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. வயிறு அதை மற்றப் புரதத்தைப் போலவே அமினோ அமிலங்களாகவும் சின்னச் சின்னத் துணுக்குகளாகவும் உடைத்துப்போடும். உடைந்ததை எங்கே அனுப்புவது என்பதை உடம்பு தீர்மானிக்கும், லேபிள் அல்ல.

ஆய்வே இல்லையா? நிறைய இருக்கிறது. அவற்றில் 23 ஆய்வுகளைக் கொரிய ஆய்வாளர்கள் ஒன்றாக அலசி 2025இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் ஈரப்பதமும் நெகிழ்வும் கூடியிருந்தன. பிறகு யார் பணம் கொடுத்த ஆய்வு என்று பிரித்துப் பார்த்தார்கள். கம்பெனிப் பணத்தில் நடந்தவற்றில் பலன் தெரிந்தது, கம்பெனிப் பணம் தொடாதவற்றில் தெரியவில்லை. கொலாஜன் தோலில் வேலை செய்கிறதோ இல்லையோ, ஆய்வு அறிக்கையில் நன்றாக வேலை செய்கிறது.

இன்னொரு சங்கதி. கொலாஜன் இருப்பது தோலின் கீழடுக்கில். மார்கழியில் வறளுவது ஆக மேலடுக்கு. மொட்டை மாடித் தளம் விரிசல் விட்டதற்கு அஸ்திவாரத்தில் சிமென்ட் மூட்டை இறக்குகிற கதை இது. ஆனாலும் இறக்குங்கள். மூட்டை இரண்டாயிரம் ரூபாய்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கொலாஜன் எந்த மரத்திலும் காய்ப்பதில்லை. மீன் செதில், மாட்டுத் தோல், பன்றித் தோல், கோழி ஆகியவற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத மாமி ஒருவர் மார்கழி நோன்போடு காலையில் மீன் செதில் பொடியைக் கலக்கிக் குடித்துக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. பச்சைப் புள்ளி போட்டு ‘வெஜ் கொலாஜன்’ என்று கிடைக்கிறதே என்பீர்கள். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் நெல்லிக்காய்ச் சாறு, விட்டமின் சி, பயோட்டின் என்று இருக்கும். கொலாஜன் இருக்காது. நெல்லிக்காயை அந்த விலைக்கு விற்க வேறு வழி ஏது?

படி 4: பயோட்டினைப் பரிசோதனைக்கு முன் மறக்காமல் சாப்பிடுங்கள்

ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் 30, 40 மைக்ரோகிராம். கடையில் கிடைக்கும் மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கும். இருநூற்றைம்பது நாள் சாப்பாட்டை ஒரே காலையில் முடித்துவிடலாம். சாதாரணமாகச் சாப்பிடுகிற ஆளுக்குப் பயோட்டின் குறைவது அபூர்வம். அப்படிக் குறைய வேண்டுமென்றால் மாதக்கணக்கில் பச்சை முட்டை வெள்ளைக்கருவைக் குடிக்க வேண்டும். அதில் இருக்கும் அவிடின் என்ற புரதம் பயோட்டினைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

தேவையில்லாத பயோட்டின் தோலுக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும், லேபில் ஒரு வேடிக்கை செய்யும். ரத்தப் பரிசோதனைகள் பலவற்றில் பயோட்டினையே ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் அது மிதமிஞ்சிப் போனால் தைராய்டு அளவு தப்பாக வரும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் அளவுகூட இல்லாத குறைவைக் காட்டும். இதனால் ஒரு மரணம் நேர்ந்ததையும் குறிப்பிட்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. நெஞ்சு வலி என்று போகும்போதும் ரிப்போர்ட் சுத்தமாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், மருத்துவரிடம் இந்த மாத்திரையைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

படி 5: வாரத்துக்கு ஒன்று என்றால் தினம் ஒன்று

விட்டமின் டி சாஷே என்றால் நம்மூரில் 60,000 யூனிட். குறைபாடு இருப்பவர்களுக்கு வாரம் ஒன்று வீதம் சில வாரங்களுக்கு எழுதித் தருவார்கள். சீட்டில் ‘வாரம்’ என்று எழுதியிருப்பதைக் கவனிக்காமல் தினமும் கலக்கிக் குடித்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக ஆஸ்பத்திரியில் சேர்கிறவர்கள் உண்டு. சிறுநீரகமும் கெடலாம். தோல் பளபளத்ததா என்று அப்போது யாரும் கேட்பதில்லை.

பகல் வெயில் நம்மூரில் மார்கழியிலும் காசில்லாமல் கிடைக்கிறது. அது தோலில் பட்டால் அங்கேயே விட்டமின் டி தயாராகும். ஆனால் வெயிலில் நின்றால் கறுத்துப்போவோமே! திரைச்சீலையை இழுத்து விட்டு சாஷேயைப் பிரிப்பதுதான் நமக்கு அழகு.

படி 6: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும்… இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்

விட்டமின் ஏ தோலுக்கு நல்லது என்று எங்கோ படித்திருப்பீர்கள். மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு அன்டார்டிகாவில் ஒரு கதை இருக்கிறது. 1912-13இல் டக்ளஸ் மாசன் தலைமையில் போன பயணத்தில் உணவு தீர்ந்தது. அவரும் சேவியர் மெர்ட்ஸும் இழுவை நாய்களைக் கொன்று தின்றார்கள், ஈரலையும் சேர்த்து. மெர்ட்ஸுக்குத் தோல் உரிந்தது, மனம் பேதலித்தது. 1913 ஜனவரியில் இறந்தார். மாசனின் உள்ளங்கால் தோல் அப்படியே கழன்று வந்தது. அதையே திரும்ப வைத்துக் கட்டி, காலுறையை மாட்டிக்கொண்டு நடந்து முகாம் திரும்பினார். பட்டினியும் குளிரும் இருந்தாலும், நாய் ஈரலில் மண்டிக் கிடந்த விட்டமின் ஏதான் நஞ்சாகியிருக்க வேண்டும் என்று 1969இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சந்தேகம் எழுப்பினார்கள். குளிரில் தோலுக்காக விட்டமின் ஏ மாத்திரையை இரண்டிரண்டாகப் போடுகிறவர்கள் மாசனின் காலுறையை நினைத்துக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளுக்கோ இது விளையாட்டே இல்லை, கருவில் இருக்கும் குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம்.

இதைவிட வண்ணமயமான வழி வேண்டுமா? அமெரிக்காவில் ஒருவர் தோல் அழற்சிக்கு என்று வெள்ளித்துகள் கலந்த நீரை வருடக்கணக்கில் குடித்தார். முகம் சாம்பல் கலந்த நீலமாக மாறிற்று. 2008இல் தொலைக்காட்சிகள் எல்லாம் அவரைத் தேடி வந்தன. அப்படி ஏறிய நிறம் தானாகப் போவதில்லை. தோலின் நிறத்தை மாற்றும் என்று சொல்லி விற்கிற பொருள்களில் சொன்னதைச் செய்தது இது ஒன்றுதான் போலிருக்கிறது.

படி 7: கேப்ஸ்யூலைக் குத்துங்கள்

பச்சையாகப் பளபளக்கும் விட்டமின் ஈ கேப்ஸ்யூல் இல்லாத தமிழ் வீடு உண்டா? ஊக்கைத் தேடி எடுத்து, கேப்ஸ்யூலின் ஒரு முனையில் குத்தி, பிசுபிசுவென்று வரும் இரண்டு சொட்டைப் புறங்கையில் வாங்கி முகத்தில் இழுப்பது நம் வீட்டு மரபு. விழுங்கச் சொன்னதைப் பூசுகிறோம். சிலருக்கு அது முகத்தில் அரிப்பைக் கொடுக்கும். விழுங்கினாலும் சும்மா இராது. தினம் 400 யூனிட் சாப்பிட்ட ஆண்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு.

கரப்பான் உள்ளவர்களுக்கு என்று ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் கேப்ஸ்யூல் இன்னும் விற்கிறது. 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது எந்த வகையிலும் உசத்தியில்லை என்று 2013இலேயே சொல்லிவிட்டது. பேரும் விலையும் மட்டும் உசத்தி.

படி 8: சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள்

சாப்பாட்டுக்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, அதுதான் சங்கடம். 1929இல் மினசோட்டாவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி போட்டார்கள். வாலில் செதில் செதிலாக எழும்பிற்று, தோல் வறண்டது. லினோலெயிக் அமிலம் கொடுத்ததும் சரியாயிற்று. நம் தோலின் மேலடுக்குச் செராமைடுகளுக்கும் அந்த அமிலம் வேண்டும்.

அது எங்கே கிடைக்கும்? நல்லெண்ணெயில் ஏறக்குறைய 40 சதவீதம் அதுதான். இட்லிப் பொடியில் குழி பறித்து ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் 5 கிராம் உள்ளே போய்விடும். விட்டமின் சி இல்லாமல் உடம்பால் உறுதியான கொலாஜன் கட்ட முடியாது என்பதும் உண்மை. அதற்கு ஒரு பெரிய நெல்லிக்காய் போதும். ஆயிரம் மில்லிகிராம் வில்லை போட்டால் மிச்சமெல்லாம் சிறுநீரில் இறங்கிவிடும். கல் விழுகிற உடம்பாக இருந்தால் கல்லும் கூட வரலாம். பயோட்டினுக்கு வெந்த முட்டை, ஒமேகா 3 கொழுப்புக்கு மத்தி மீன், புரதத்துக்குப் பருப்பு. கூடாரவல்லி அன்று அக்காரவடிசலில் ஒழுகும் நெய்யைக்கூடச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பாருங்கள், இவற்றில் எதற்கும் தள்ளுபடி கூப்பன் கிடையாது. நெல்லிக்காய் விற்கிற ஆயா சந்தாத் திட்டமும் வைத்திருக்கவில்லை.

படி 9: பூசுகிறவர்களைப் பார்த்துச் சிரியுங்கள்

தோலுக்கு வேண்டியதை உள்ளே அனுப்புவதில் நமக்கெல்லாம் முன்னோடி ராபர்ட் செஸ்ப்ரோ. பெட்ரோலியக் கழிவிலிருந்து களிம்பு எடுத்து 1872இல் காப்புரிமை வாங்கி, வாஸ்லின் என்று பெயரிட்டு விற்றவர். அந்தக் களிம்பைத் தினம் ஒரு கரண்டி தின்பதாகப் பெருமையாகச் சொல்வார். 96 வயது வரை இருந்தார். ஆனால் உலகம் அவர் தின்றதைப் பின்பற்றவில்லை, அவர் விற்றதைப் பூசிக்கொண்டது. தோலின் மேல் படர்ந்து தண்ணீர் வெளியேறாமல் தடுப்பதில் அதை மிஞ்ச இன்றைக்கும் ஆளில்லை.

வெளிநாட்டுச் சரக்கு வேண்டாம் என்பவர்களுக்கு மணிலாவில் 2004இல் ஒரு ஆய்வு வந்தது. வறண்ட தோல் உள்ள 34 பேரில் ஒரு பகுதிக்குத் தேங்காய் எண்ணெய், மற்றவர்களுக்கு மினரல் ஆயில். இரண்டு வாரத்தில் இரண்டு கூட்டத்துக்கும் தோலின் ஈரம் ஏறியது. பாட்டி தேய்த்துவிட்டபோது நெளிந்து ஓடினோமே, அதே எண்ணெய்தான். பாட்டி அறிக்கை எழுதாதது அவர் தப்பு.

படி 10: டப்பாவின் பின்பக்கம் படிக்கக் கூடாத இடம்

முன்பக்கம் படிப்பதற்கு, பின்பக்கம் ஒட்டியிருப்பதற்கு. தெரியாத்தனமாகத் திருப்பிவிட்டால் ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல’ என்ற வரி கண்ணில் படும். இந்திய உணவுப் பாதுகாப்பு தர ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு விதிப்படி துணைச்சத்துப் பொருள்கள் எல்லாவற்றிலும் அந்த வரி இருந்தாக வேண்டும். சொன்ன அளவுக்கு மேல் சாப்பிடாதீர்கள் என்ற எச்சரிக்கையும் இருக்கும். அதாவது, இது எந்த நோயையும் குணப்படுத்தும் என்று கம்பெனி வாக்குக் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்ததெல்லாம் விளம்பரத்தில் வந்த நடிகை.

படி 11: மாசி வரை பொறுங்கள்

இதுதான் மிக முக்கியமான படி. மார்கழியில் வாங்கிய டப்பா மூன்று மாதக் கோர்ஸ். தை பிறக்கும், மாசி வரும், காற்றில் சூடு ஏறும், வெந்நீர் குளியல் நிற்கும். தோல் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரம் பார்த்து டப்பாவும் தீரும். உடனே பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். “நான் மூணு மாசமா இதைத்தான்க்கா எடுத்துக்குறேன்” என்று டப்பாவை நீட்டுங்கள். அடுத்த மார்கழிக்கு அவர் வாடிக்கையாளர்.

வாசகர் சந்தேகங்கள்

*தினம் நாலு லிட்டர் தண்ணீர் குடித்தால் தோல் மினுங்குமா?*
கழிப்பறைக்குப் போகும் வழி மினுங்கும். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

*கேரட் ஜூஸ் மட்டும் குடிக்கிறேன். நிறம் வருமா?*
வரும். உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் மஞ்சளாக வரும். மஞ்சள் காமாலையா என்று பதற வேண்டாம், கண்ணின் வெள்ளை மஞ்சளாகாது. கேரட்டை நிறுத்தினால் சில வாரங்களில் போய்விடும்.

*கரடி ஜெல்லியில் விட்டமின் இருக்கிறதாமே?*
இருக்கிறது. சர்க்கரைப் பாகும் இருக்கிறது. பேரன் ஒரே மூச்சில் அரை டப்பாவைக் காலி செய்வான் என்பதால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேலி போதும், தீர்ப்பைச் சொல்லிவிடலாம். ரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்து மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மாத்திரை மருந்து, அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை. மற்ற எல்லாருக்கும் அது வெறும் செலவு, அளவு மீறினால் வினை. குளிக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், பத்து நிமிடத்தில் குளியலை முடியுங்கள், சோப்பைத் தேவையான இடத்துக்கு மட்டும் போடுங்கள். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே எண்ணெயோ களிம்போ பூசிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்தும் வறட்சியும் அரிப்பும் அடங்கவில்லை என்றால் அது மார்கழியின் வேலை இல்லை. தோல் மருத்துவரைப் பாருங்கள், வீட்டில் இருக்கிற டப்பாக்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.